சர்க்கரையில் இனிப்பு இல்லை: நாக்கின் இனிப்பு ஏற்பி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுகுறிஞ்சான் இலையை ஒரு நிமிடம் நன்றாக மென்று துப்பிவிட்டு, ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள். ஆற்று மணலை அள்ளிப் போட்டுக்கொண்டது போல நறநறவென்றிருக்கும், இனிக்காது. நாக்கு மரத்துப்போயிற்றா என்றால் இல்லை. உப்பு கரிக்கிறது, புளி புளிக்கிறது. இனிப்பு மட்டும் எங்கோ போய்விட்டது.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கும்போது ஆண்டுதோறும் இதைச் செய்துகாட்டுவேன். அதற்குப் பிறகு அன்றைக்குப் பாடம் நடக்காது, கேள்விகள்தான். பிள்ளைகள் கேட்டவை, அவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல பெற்றோர் கேட்டனுப்பியவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். ரிசெப்டார் என்பதைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி ஏற்பி என்றே எழுதுகிறேன்.

இனிப்பு சர்க்கரையின் குணம்தானே? அது எப்படிக் காணாமல் போகும்?

சர்க்கரையின் குணங்களைச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வோம்? வெள்ளைப் படிகம், தண்ணீரில் கரையும், காய்ச்சினால் பாகாகும், இன்னும் காய்ச்சினால் கருகும். பார்க்க ஆளே இல்லாவிட்டாலும் இவையெல்லாம் நடக்கும். இனிப்பு அப்படி இல்லை. நாக்கில் உள்ள ஒரு புரதம் சர்க்கரையைப் பிடித்து, அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இனிப்பு. அந்தப் புரதம்தான் ஏற்பி. அதை அடைத்துவிட்டால் சர்க்கரை வெறும் படிகம்.

இனிக்கும் பொருள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே இது புரியும். சர்க்கரை ஒரு கார்போஹைட்ரேட். அஸ்பார்டேம் இரண்டு அமினோ அமிலங்களை ஒட்டிச் செய்தது. சாக்கரின் நிலக்கரித் தாரிலிருந்து வந்த பொருள்களை ஆராயும்போது பிறந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் கட்டெம்ஃபே பழத்தில் இருக்கும் தௌமாட்டின், 207 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு முழுப் புரதம். குளோரோஃபார்ம் இனிக்கும். ஈய அசிட்டேட் என்ற நஞ்சும் இனிக்கும். ஈயச் சர்க்கரை என்றே அதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. ரோமானியர்கள் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி உணவில் சேர்த்துக்கொண்டார்கள், ஈயமும் சேர்ந்தே உள்ளே போனது. (இதைச் சொல்லும்போதெல்லாம் 'ஆய்வகத்தில் எதையும் நக்கிப் பார்க்காதே' என்று ஒருமுறை சொல்லிவிடுவேன். ஏன் என்பது கொஞ்சம் கீழே வரும்.)

இத்தனைக்கும் பொதுவான வடிவம் என்று எதுவும் கிடையாது. பொதுவாக இருப்பது நம் நாக்கு.

நாக்கில் எங்கே? நுனியில்தானே இனிப்பு தெரியும்?

நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று ஒரு படம் இன்னும் சில புத்தகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. தவறு. 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் பகுதிகளுக்கிடையே மிகச் சிறிய வேறுபாடுகளை அளந்தார். 1942-இல் எட்வின் போரிங் தன் புத்தகத்தில் அதை வரைபடமாகப் போட்ட விதம், வேறுபாட்டைப் பெரிதாகக் காட்டிவிட்டது. கொஞ்சம் சர்க்கரையை நாக்கின் ஓரத்தில் வைத்தால் விஷயம் முடிந்தது.

சுவை மொட்டு ஒவ்வொன்றிலும் 50 முதல் 100 செல்கள் பூண்டுப் பற்கள் போல நெருக்கமாக நிற்கின்றன. அவற்றில் சில செல்கள் இனிப்புக்கு, சில கசப்புக்கு, சில புளிப்புக்கு என்று வேலை பிரித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு செல்லின் ஆயுள் ஏறத்தாழ பத்து நாள்தான்; பழையது உதிர்ந்து புதியது வரும். சூடான காபியில் நாக்கைச் சுட்டுக்கொண்டால் சில நாளில் ருசி திரும்பிவிடுவது அதனால்தான்.

அறுசுவையில் கார்ப்பு இந்தக் கணக்கில் வராது. மிளகாயின் காரம் சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் வழியாக வருகிறது. துவர்ப்பும் பெரும்பாலும் தொடுவுணர்ச்சிதான்.

இனிப்பு ஏற்பி பார்க்க எப்படி இருக்கும்?

அது ஒரு புரதம் இல்லை, ஜோடி. டி1ஆர்2, டி1ஆர்3 என்று பெயர். மனிதரில் முதலாவது 839 அமினோ அமிலங்கள் நீளம், இரண்டாவது 852. தனியாக நின்றால் சரியாக வேலை நடக்காது. இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து செல் சவ்வில் நிற்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் மூன்று பாகமாகப் பார்க்கலாம். செல்லுக்கு வெளியே, உமிழ்நீரில் நீட்டிக்கொண்டிருப்பது தாடை. இரண்டு மடல்கள், நடுவில் கீல். ஆங்கிலத்தில் இதற்குப் பூச்சி பிடிக்கும் வீனஸ் செடியின் பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்குப் பாட்டியின் பாக்குவெட்டிதான் நினைவுக்கு வரும். திறந்திருக்கும் வாயில் பாக்கு மாதிரி ஒரு மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் மடல்கள் மூடுகின்றன. தாடைக்குக் கீழே சிஸ்டீன் நிறைந்த ஒரு விறைப்பான கழுத்து. அதற்கும் கீழே, செல் சவ்வை ஏழு முறை உள்ளும் வெளியுமாகத் தைத்துக்கொண்டு போகும் பகுதி. புடவை ஓரம் அடிக்கும்போது நூல் மேலும் கீழும் போய்வருமே, அப்படி.

மேலே தாடை மூடினால் கழுத்து இழுபடும், இழுப்பு கீழே சவ்வுக்குள் இருக்கும் பகுதிக்குப் போகும், அதன் உள்பக்க வடிவம் மாறும். சர்க்கரை செல்லுக்குள் நுழையவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வாசலில் நின்று கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான்.

2025-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சூக்கரின் குழு, மனித இனிப்பு ஏற்பியைக் குளிரவைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்து வெளியிட்டது. செயற்கை இனிப்புகளான சுக்ரலோஸ், அஸ்பார்டேம் இரண்டும் டி1ஆர்2-வின் தாடைக்குள் உட்கார்ந்திருப்பது அதில் தெரிந்தது. அதுவரை ஊகித்தும், வேறு புரதங்களின் வடிவத்தை வைத்துக் கணினியில் வரைந்தும்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம்.

இதுதான் இனிப்பு ஏற்பி என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எலிகள் உதவின. சில எலி வகைகளுக்குச் சாக்கரின் கலந்த தண்ணீர் என்றால் உயிர். சில வகைகள் ஏறெடுத்தும் பார்க்காது. இந்த வேறுபாடு ஒரு மரபணுவில் இருக்கிறது என்பது வெகுகாலமாகத் தெரியும். டி1ஆர்2 1999-இல் கிடைத்தது. 2001-இல் பல ஆய்வகங்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அந்த எலி மரபணுவைத் துரத்திப்போய் டி1ஆர்3-ஐப் பிடித்தன.

அதற்குப் பிறகு சூக்கரும் நிக்கோலஸ் ரைபாவும் செய்த சோதனைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. சாதாரண எலிக்கு அஸ்பார்டேம் இனிக்காது. எலியின் டி1ஆர்2-ஐ எடுத்துவிட்டு மனித டி1ஆர்2-ஐப் போட்டார்கள். எலி அஸ்பார்டேமைத் தேடித் தேடிக் குடித்தது. அப்புறம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சுவைக்குத் துளியும் சம்பந்தமில்லாத, செயற்கை மருந்து ஒன்றுக்கு மட்டும் அசையும் ஒரு ஏற்பியை எலியின் இனிப்புச் செல்லில் வைத்தார்கள். மற்ற எலிகள் சட்டையே செய்யாத அந்த மருந்துத் தண்ணீரை இந்த எலிகள் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி உறிஞ்சின. கசப்பு ஏற்பியை இனிப்புச் செல்லில் வைத்தபோது, கசப்புப் பொருளையே விரும்பிக் குடித்தன.

ஆக, மூளை 'எந்த மூலக்கூறு வந்தது' என்று கேட்பதில்லை. 'எந்தச் செல் மணியடித்தது' என்றுதான் கேட்கிறது.

தாடை மூடியதற்கும் மூளைக்குத் தெரிவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது?

தீயணைப்பில் வாளி கைமாறுவது போல ஒரு சங்கிலி. ஏற்பியின் உள்பக்கம் வடிவம் மாறியதும், அதை ஒட்டிக் காத்திருக்கும் ஜி-புரதம் ஒன்று கிளம்புகிறது. சுவைச் செல்லில் இதன் முக்கிய வகை கஸ்ட்டூசின். 1992-இல் ராபர்ட் மார்கோல்ஸ்கீயின் குழு கண்டது. ஜி-புரதத்தின் ஒரு துண்டு பிரிந்துபோய் பாஸ்போலிப்பேஸ் என்ற நொதியை எழுப்புகிறது. நொதி, சவ்வின் கொழுப்பு ஒன்றை வெட்டி ஐபி3 என்ற சிறு மூலக்கூறைச் செல்லுக்குள் உதிர்க்கிறது. ஐபி3 போய், செல்லின் உள்ளறையில் பூட்டிவைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் பெருகியதும் டிஆர்பிஎம்5 என்ற வாயில் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தில் இன்னொரு பெரிய துளை திறந்து ஏடிபி வெளியே கொட்டுகிறது.

ஏடிபியா என்று பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவது இங்கேதான். செல்லின் ஆற்றல் நாணயம் என்று மனப்பாடம் செய்த அதே ஏடிபி, இங்கே நரம்புக்குச் செய்தி சொல்லும் தூதன். பக்கத்தில் இருக்கும் நரம்பு முனை அதைப் பிடித்துக்கொண்டு, மூளைத்தண்டு, தலாமஸ் வழியாக மூளையின் மேலடுக்கான புறணிக்கு அனுப்புகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள்.

கசப்புச் செல்லும் தன் உள்ளே இதே சங்கிலியைத்தான் வைத்திருக்கிறது. வாசலில் நிற்கும் ஏற்பிதான் வேறு, போய்ச்சேரும் கம்பிதான் வேறு.

எந்த மூலக்கூறு இனிக்கும் என்று வடிவத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. ஏற்பியை யாரும் பார்ப்பதற்கு முன்பே, 1967-இல் ஷாலன்பெர்கரும் ஆக்ரியும் ஒரு விதி சொன்னார்கள். இனிக்கும் மூலக்கூறில் ஹைட்ரஜனைக் கொடுக்கக்கூடிய ஒரு முனையும் வாங்கக்கூடிய ஒரு முனையும் ஏறத்தாழ 0.3 நானோமீட்டர் இடைவெளியில் இருக்கும். ஏற்பியில் அதற்கு எதிரெதிரான ஒரு ஜோடி இருந்து இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்ளும் என்றார்கள். 1972-இல் கியர், தண்ணீரை வெறுக்கும் மூன்றாவது முனை ஒன்றையும் சேர்த்தார். தாடையே ஒன்றல்ல என்று பிற்பாடு தெரிந்தபோது இந்த விதி சுருங்கிப்போனது. ஆனால் பூட்டைப் பார்க்காமல் சாவியை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் போனது பெரிய விஷயம்.

வலக்கை, இடக்கை வேறுபாடு இதில் அழகாகத் தெரியும். டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தின் எல் வடிவம் கசக்கும். அதன் கண்ணாடிப் பிம்பமான டி வடிவம் இனிக்கும். 1886-இலேயே இத்தாலியரான பியூட்டி, அஸ்பராஜின் இரண்டு வடிவங்களில் ஒன்று மட்டும் இனிப்பதைக் கண்டார். அஸ்பார்டேமில் ஒரு பாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப்போட்டால் கசப்பாகிவிடும். வலக்கால் செருப்பை இடக்காலில் மாட்டிப்பார்ப்பது போலத்தான்.

எல்லா இனிப்பும் ஒரே தாடையில்தான் உட்காருகிறதா?

இல்லை. அஸ்பார்டேமும் சுக்ரலோஸும் டி1ஆர்2-வின் தாடையில். சைக்ளமேட் என்ற இன்னொரு செயற்கை இனிப்பு அங்கே போகவே போகாது. டி1ஆர்3-இன் கீழ்ப்பகுதியில், சவ்வுக்குள் இருக்கும் ஒரு பள்ளத்தில் போய்ச் செருகிக்கொள்கிறது. புரத இனிப்புகள் அவ்வளவு பெரியவை, தாடைக்குள் நுழையவே முடியாது. வெளிப்பக்கமாகச் சாய்ந்து அழுத்துகின்றன. பிராஸின் என்ற புரதத்துக்கு டி1ஆர்3-இன் கழுத்துப் பகுதி வேண்டும். ஒரு கதவைத் தாழ்ப்பாளாலும் திறக்கலாம், தோளால் முட்டியும் திறக்கலாம்.

கலவை இனிப்புகளில் ஒன்றும் ஒன்றும் சேர்ந்து மூன்று ஆகிவிடுவது ஏன் என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. சைக்ளமேட்டும் சாக்கரினும் வெவ்வேறு இடங்களில் பிடித்துக்கொண்டு ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன.

அஸ்பார்டேம் சர்க்கரையைவிட 200 மடங்கு இனிப்பு என்கிறார்களே, நாக்கு தாங்குமா?

இந்த '200 மடங்கு' பலரைக் குழப்புகிறது. சர்க்கரையைவிட இருநூறு பங்கு தித்திப்பாக இருக்கும் என்று பொருள் இல்லை. அதே அளவு இனிப்பு வர இருநூறில் ஒரு பங்கு எடை போதும் என்றுதான் பொருள். ஏற்பியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதுதான் விஷயம். சுக்ரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கு. அது சர்க்கரையேதான், மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளுக்குப் பதில் குளோரின் வைத்தது. தௌமாட்டின் சில ஆயிரம் மடங்கு.

திருப்பிப் பார்த்தால் வியப்பு சர்க்கரையின் மேல்தான் வர வேண்டும். சர்க்கரை தன் சொந்த ஏற்பியை மகா சோம்பேறித்தனமாகத்தான் பிடிக்கிறது. லிட்டருக்கு மூன்று கிராமுக்கு மேல் போட்டால்தான் பலருக்கு ஏதோ இருக்கிறது என்றே தெரியும். கசப்பான குயினைனை ஆயிரத்தில் ஒரு பங்கு செறிவிலேயே கண்டுகொள்கிறோம். காரணம் எளிது என்று நினைக்கிறேன். நஞ்சு துளி இருந்தாலும் தெரிய வேண்டும்; சர்க்கரை சாப்பிட்டுப் பலன் உண்டு என்கிற அளவுக்கு இருந்தால் தெரிந்தால் போதும். கசப்புக்கு நம்மிடம் 25 வகை ஏற்பிகள், இனிப்புக்கு இந்த ஒரு ஜோடி.

இந்தச் செயற்கை இனிப்புகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கை கழுவாமல். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1879-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபால்பெர்க், ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது ரொட்டி இனித்தது. அது சாக்கரின். 1937-இல் ஸ்வேடா ஆய்வக மேசையில் வைத்த சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார், சைக்ளமேட். 1965-இல் ஷ்லாட்டர், வயிற்றுப்புண்ணுக்கு மருந்து தேடும் வேலையில், தாளை எடுக்க விரலை நக்கினார்; அஸ்பார்டேம். 1976-இல் லண்டனில் சசிகாந்த் ஃபட்னிஸ் என்ற இந்திய வேதியியலாளரிடம் ஒரு சேர்மத்தை 'டெஸ்ட்' செய்யச் சொன்னார்களாம். அவர் காதில் அது 'டேஸ்ட்' என்று விழுந்தது. அதுதான் சுக்ரலோஸ்.

நால்வரும் பிழைத்தார்கள். ஈய அசிட்டேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கரின் போட்ட பானம் கடைசியில் கசக்கிறதே?

ஏனென்றால் சாக்கரின் இனிப்பு ஏற்பியோடு நிற்பதில்லை. இரண்டு கசப்பு ஏற்பிகளையும் சேர்த்துத் தட்டிவிடுகிறது. அந்த ஏற்பிகளின் மரபணு ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். அதனால்தான் ஒரே பானத்தை ஒருவர் கசப்பு என்பார், அடுத்தவர் 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்பார். சீனித்துளசிக்கும் இதே கதைதான்.

சாக்கரினில் இன்னொரு வேடிக்கை. மிக அதிகச் செறிவில் கொடுத்தால் இனிப்பு குறைந்துவிடும். ஏற்பியின் கீழ்ப்பகுதியில் இருக்கும் இன்னொரு இடத்தில் உட்கார்ந்து, தானே திறந்த கதவைத் தானே சாத்திவிடுகிறது. இப்போது வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்தால், சாத்திய மூலக்கூறுகள் முதலில் கழுவிக்கொண்டு போய்விடும். கதவு படாரென்று திறக்கும். தண்ணீர் இனிக்கும்!

உடனே ஒரு கை உயரும்: "சார், நெல்லிக்காய்?" முதுநெல்லிக்காய் முன்னே கசக்கும் பின்னே இனிக்கும் என்ற பழமொழி தெரிந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? நெல்லிக்காய் தின்றபின் தண்ணீர் இனிப்பது பார்க்க அதே வகை நிகழ்வாகத்தான் இருக்கிறது. ஆனால் சாக்கரினுக்கு ஏற்பி மட்டத்தில் காட்டியது போல நெல்லிக்குக் காட்டியதை நான் படித்ததில்லை. அதனால் வகுப்பில் 'அதேதான்' என்று அடித்துச் சொல்வதில்லை.

பூனைக்கு இனிப்பு தெரியாது என்பது உண்மையா?

உண்மை. 2005-இல் பிலடெல்பியாவின் மோனெல் மையத்து ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். பூனையின் டி1ஆர்2 மரபணுவில் 247 எழுத்துகள் விடுபட்டுப்போயிருக்கின்றன. ஜோடியில் ஒன்று இல்லை, ஏற்பி இல்லை. புலிக்கும் சிறுத்தைக்கும் அதே நிலை. உங்கள் வீட்டுப் பூனை பால்கோவாவை நக்கினால் அது கொழுப்புக்கும் பாலுக்கும்தான், சர்க்கரைக்கு அல்ல.

கோழி உட்படப் பறவைகளிடம் டி1ஆர்2 கிடையாது. அப்படியானால் பூந்தேனையே நம்பிப் பிழைக்கும் அமெரிக்கக் கண்டத்து ரீங்காரச்சிட்டு என்ன செய்கிறது? 2014-இல் விடை வந்தது. இறைச்சிச் சுவையை உணரும் ஏற்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சர்க்கரையைப் பிடிக்கும்படி செய்துகொண்டுவிட்டது. வீட்டில் இல்லாத பாத்திரத்துக்கு இருக்கிற பாத்திரத்தைத் தட்டிச் சரிசெய்துகொண்ட மாதிரி.

ஆறிய காபி ஏன் இனிப்பு குறைவாகத் தெரிகிறது? உருகிய ஐஸ்கிரீம் ஏன் திகட்டுகிறது?

மேலே சொன்ன சங்கிலியில் டிஆர்பிஎம்5 என்ற வாயில் வந்ததல்லவா, அது சூட்டுக்கு மசிகிறது. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறும்போது அதிகமாகத் திறக்கிறது. அதே சர்க்கரைதான், செய்தி மட்டும் பலமாகப் போகிறது. ஐஸ்கிரீம் செய்பவர்கள் குளிரில் குறையும் இனிப்பை ஈடுகட்டச் சர்க்கரையைக் கூட்டிப் போடுகிறார்கள். உருகியபின் அது முகத்தில் அடிக்கிறது.

பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு மட்டும் இது தலைகீழ். குளிரில் அது அதிகம் இனிக்கும் ஆறுமுனை வளைய வடிவில் பெரும்பாலும் இருக்கும். சூடானால் இனிப்புக் குறைந்த ஐந்துமுனை வளையத்துக்கு மாறிவிடும். குளிர்ந்த பழத்துக்கு இருக்கும் தித்திப்பில் இதற்கும் பங்குண்டு.

ஜாங்கிரி தின்றபின் காபி சப்பென்றிருக்கிறதே?

தொடர்ந்து தட்டினால் ஏற்பியும் அதன் பின்னால் உள்ள சங்கிலியும் களைத்துவிடும். காபியில் இருக்கும் சர்க்கரை அந்தக் களைப்பைத் தாண்டும் அளவுக்கு இல்லை, கசப்பு மட்டும் மேலே வருகிறது. தண்ணீர் குடித்து ஐந்து நிமிடம் பொறுங்கள்.

கருப்பட்டி இனிப்பு வேறு, வெள்ளைச் சர்க்கரை இனிப்பு வேறு இல்லையா?

ஏற்பியைப் பொறுத்தவரை இல்லை. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ். நாம் உணரும் வேறுபாடு மூக்கின் வேலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு கருப்பட்டியைச் சுவையுங்கள், பாதி அடையாளம் போய்விடும். மணத்துக்காகக் கருப்பட்டிக் காபி குடியுங்கள், நானும் குடிக்கிறேன். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று சொல்லிக் குடிக்க வேண்டாம்.

சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதும் கேட்கப்படுவதுண்டு. மாவுச்சத்து நீளமானது, தாடைக்குள் உட்காராது. உமிழ்நீரின் அமிலேஸ் நொதி அதை மால்டோஸாக நறுக்கியதும் உட்காருகிறது.

இந்த ஏற்பி நாக்கில் மட்டும்தான் இருக்கிறதா?

குடலிலும் இருக்கிறது. 2007-இல் அங்கே கண்டார்கள். சர்க்கரை வந்திருப்பதை அறிந்து ஹார்மோன் சுரக்கவும், உறிஞ்சும் வேலைக்குத் தயாராகவும் உதவுகிறது. ஆனால் குடல் தந்த பெரிய வியப்பு வேறு. நாக்கில் இனிப்பே தெரியாத எலிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீரும் வெறும் தண்ணீரும் கொடுத்தால், முதலில் இரண்டையும் ஒன்றுபோலக் குடிக்கும். போகப் போகச் சர்க்கரைத் தண்ணீர்ப் பக்கமே நிற்கும். குடல் குளுக்கோஸை உணர்ந்து, வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குத் தனியாகச் செய்தி அனுப்புகிறது. 2020-இல் சூக்கர் குழு அந்தப் பாதையை எலியில் காட்டியது. செயற்கை இனிப்பு அந்தப் பாதையைத் தட்டவில்லை. நாக்கை ஏமாற்றலாம், குடலை அவ்வளவு எளிதில் முடியாது. டயட் பானம் குடித்தும் 'ஏதோ குறைகிறது' என்று தோன்றுகிறவர்களுக்கு இதை ஒரு குறிப்பாகச் சொல்வேன். எலியில் கண்டது மனிதரில் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

சரி, சிறுகுறிஞ்சான் என்னதான் செய்கிறது? வீட்டில் செய்து பார்க்கலாமா?

அதன் இலையில் இருக்கும் ஜிம்னீமிக் அமிலங்கள் டி1ஆர்3-இன் சவ்வுப் பகுதியில் போய்ச் செருகிக்கொள்கின்றன. மேலே தாடை சர்க்கரையைப் பிடித்தாலும் கீழே கதவு அசையாது. எலியின் டி1ஆர்3 கொஞ்சம் வேறு மாதிரி என்பதால் அதற்கு இது அவ்வளவாகப் பலிப்பதில்லை. சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்ற பெயரை வைத்தவர்களுக்கு ஏற்பி தெரியாது, ஆனால் விளைவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது மேற்கு ஆப்பிரிக்காவின் அற்புதப் பழம். அதிலுள்ள மிராகுலின் புரதம் ஏற்பியில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். புளிப்பு வந்ததும் ஏற்பியைத் தட்டிவிடும். அதைத் தின்றுவிட்டு எலுமிச்சையைக் கடித்தால் சாத்துக்குடி.

செய்து பார்ப்பதற்கு இரண்டு மூன்று இலைகள் போதும். செடியைத் தெரிந்தவர் பறித்துத் தரட்டும். நன்றாக மென்று, நாக்கு முழுதும் படவிட்டுத் துப்பிவிடுங்கள், கசப்பாக இருக்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விழுங்க வேண்டாம், சர்க்கரை அளவு தாழ்ந்துபோகலாம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். ஒரு வருடம் நான் செய்தேன். பந்தியில் எல்லாரும் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருக்க, என் இலையில் சேமியா போட்ட வெறும் பால் ஓடிக்கொண்டிருந்தது.